ஓய்வு தேவை

ஸ்டோனி க்ரீக், தாரம்பா வழி
நியூ சவுத் வேல்ஸ்
1913 மார்ச் 18

பள்ளி மருத்துவ ஆய்வாளர் டாக்டர் ஏ. ஃபெரியர் அவர்களுக்கு,

ஐயா,

தாரம்பா உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஹெஸ்டர் டாங்கினின் தகப்பன் நான். நேற்று, பண்ணைகளிலிருந்து பாலாடையை டவுனுக்கு ஏற்றிப்போகிற க்ரீம் வண்டிக்காரர் நூனன், காலி கேன்களோடு ஒரு பழுப்பு உறையையும் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். உள்ளே ஓர் அட்டை. உயரம், எடை, பல், பார்வை என்று அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே உங்கள் கையெழுத்தில், "இதய வால்வில் கோளாறு. ஓய்வு தேவை. குடும்ப மருத்துவரிடம் காட்டவும்." பதினைந்து வயதுப் பெண்ணின் இதயத்தைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஒன்றரை வரி போதுமாக இருந்திருக்கிறது.

எங்களுக்குக் குடும்ப மருத்துவர் கிடையாது. தாரம்பாவில் இருக்கிற ஒரே டாக்டர் குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து ஊற்றுகிறவர்.

நான் கேட்க வந்தது வேறு. முன்பின் தெரியாத ஆண்பிள்ளை என் மகளைச் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்க யார் அனுமதி கொடுத்தது? பெற்றோர் சம்மதப் படிவம் என்று ஒன்று உண்டாம், நூனன் தன் பிள்ளைகளுக்கு வந்ததாகச் சொல்கிறார். எனக்கு எந்தப் படிவமும் வரவில்லை. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சந்தையில் மாடு வாங்கும்போது நானும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்தான். ஆனால் மாட்டுக்காரன் பக்கத்தில் நிற்பான்.

வாரநாட்களில் ஹெஸ்டர் டவுனில் நூனன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வீட்டுக்கு வருவாள். அதற்குப் பிறகு அவளைத் திருப்பி அனுப்புவதாக இல்லை.

ஜேபஸ் டாங்கின்


ராயல் ஹோட்டல், மெரின்டி
1913 ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய திரு. டாங்கின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் என் பின்னாலேயே மூன்று ஊர்கள் சுற்றிவிட்டு நேற்றுதான் என்னைப் பிடித்தது. ஊருக்கு ஒரு வாரம், பிறகு அடுத்த பள்ளி என்பதுதான் என் வேலை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் ஒரு திருத்தம். நான் ஆண்பிள்ளை அல்ல. 'ஏ' என்பது ஆக்னஸ். இப்படி நினைத்து எழுதிய முதல் தகப்பனார் நீங்கள் இல்லை, அதனால் வருத்தப்பட வேண்டாம்.

தொப்பிகள் மாட்டும் அறையில்தான் சோதனை நடந்தது. தலைமையாசிரியை மிஸ் ஓக்டன் முழு நேரமும் உடன் இருந்தார். அன்றைக்கு நாற்பத்துமூன்று பிள்ளைகள். ஹெஸ்டர் முப்பதாவதோ என்னவோ. பார்வையும் செவியும் நன்றாக இருந்தன. இருபதடி தள்ளி நின்று நான் முணுமுணுத்த சொற்களையெல்லாம் தவறில்லாமல் திருப்பிச் சொன்னாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோதுதான் நின்றுவிட்டேன்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"எவ்வளவு நாளா?"

"ஒன்பது வயசுல முட்டியெல்லாம் வீங்கி காய்ச்சல் வந்துது. வளர்ற வலின்னு சொன்னாங்க. அதுக்கப்புறந்தான்."

பொத்தானைப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் அவள் இன்னொன்று கேட்டாள். "டாக்டர், எங்க அம்மாவுக்கு இருந்தது இதுதானே?"

அவளுடைய அம்மாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. "அப்பாவுக்கு எழுதறேன்மா" என்று மட்டும் சொல்லி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன். அந்த ஒன்றரை வரியை எழுதியது அப்போதுதான்.

வளர்கிற வலி என்று சொல்லப்பட்டது வாதக் காய்ச்சல். அது முட்டியை விட்டுவிடும், இதயத்தை விடாது. வால்வு தடித்துச் சுருங்கிவிடும். அதைச் சரிசெய்ய எங்களிடம் வழியில்லை. இதயத்துக்கு வேலை குறைத்துக் கொடுப்பதுதான் இருக்கிற ஒரே வைத்தியம்.

சம்மதப் படிவம் என்னிடம் இருக்கிறது. 'ஜே. டாங்கின்' என்று நீல மையில், சாய்வான, அழகான கையெழுத்து. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி நான் மேலே எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஆக்னஸ் ஃபெரியர்


ஸ்டோனி க்ரீக்
1913 ஏப்ரல் 20, ஞாயிறு

டாக்டரம்மா அவர்களுக்கு,

'ஐயா' என்று எழுதியதற்கு நூனன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஊருக்கே தெரியும் அது பொம்பள டாக்டர்னு. உமக்குத்தான்யா தெரியாது. மாட்டோட மட்டும் பேசிட்டிருந்தா இப்படித்தான்" என்றார். மன்னிக்கவும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஹெஸ்டரிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நான்தான் போட்டேன்ப்பா. உங்ககிட்ட கேட்டா நீங்க அம்மாவ நெனச்சுக்குவீங்க. அப்புறம் ரெண்டு நாள் பேசமாட்டீங்க. எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான்."

அவள் சொன்னபடியே நான் இரண்டு நாள் பேசவில்லை.

என் மனைவி லவினியா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. கடைசி வருடம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். கணுக்கால் வீங்கியிருக்கும். இந்த வீட்டில் அதற்குப் பிறகு 'மூச்சு' என்ற சொல்லை நாங்கள் இருவருமே சொன்னதில்லை.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். நீங்கள் எழுதிய ஓய்வு இங்கே நன்றாக நடக்கிறது. புத்தகத்தைத் தொட விடவில்லை. விறகு வெட்டுவதில்லை. கொட்டகையில் என்னோடு உட்கார்ந்து கறக்கிறாள், அதுவும் பத்து மாடுதான், காலையில் பத்து, பிற்பகலில் பத்து. மீதிப் பன்னிரண்டு என்னுடையது. உட்கார்ந்து செய்கிற வேலை. பள்ளியில் இருந்தால் அந்த மாடிப்படி. இங்கே மாடியே கிடையாது.

காலையில் கொட்டகைக்குள் இன்னொரு வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்கிறது. வேலையும் சீக்கிரம் முடிகிறது.

ஜேபஸ் டாங்கின்


மசோனிக் மண்டபம், கல்போரா
1913 மே 6

திரு. டாங்கின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மதியச் சோதனையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள்.

கறப்பதை உடனே நிறுத்துங்கள். தயவுசெய்து.

விடியுமுன் எழுவது, பனியில் நனைந்த காலோடு நிற்பது, முக்கால் மணி நேரம் விரலையும் முழங்கையையும் தோளையும் நிறுத்தாமல் வேலை வாங்குவது, நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பது, இவற்றில் எது ஓய்வு? பெரிய ஆண்பிள்ளைக்கே கடும் உழைப்பு அது. அவள் இதயம் ஒவ்வொரு வாளிக்கும் விலை கொடுக்கிறது. ஈரத்தில் இன்னொரு முறை வாதக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

பள்ளி மேசைதான் அவளுக்குக் கிடைக்கக்கூடிய மிக லேசான வேலை. மாடிப்படியைப் பற்றி மிஸ் ஓக்டனுக்கு எழுதினேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு முழுவதையும் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவதாகப் பதில் எழுதியிருக்கிறார். ஜூன் முடிவதற்குள் அவள் திரும்பாவிட்டால் அரசு உதவித்தொகை ரத்தாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார். அதன்பின் யாராலும் அவளைச் சேர்க்க முடியாது.

தவறு என்னுடையது. 'ஓய்வு தேவை' என்று எழுதினேன். எந்த வீட்டில் ஓய்வு, அந்த வீட்டில் என்ன வேலை என்று கேட்கவில்லை. நாற்பத்துமூன்று பேர் என்பது காரணமாகாது. அவளை அனுப்பிவிடுங்கள்.

ஆக்னஸ் ஃபெரியர்


ஸ்டோனி க்ரீக்
1913 மே 20

டாக்டர் ஃபெரியர் அவர்களுக்கு,

மார்ச்சில் ஓய்வு என்று எழுதினீர்கள். மே மாதத்தில் அது ஓய்வில்லை, பள்ளிக்கு அனுப்பு என்கிறீர்கள். இரண்டிலும் கையெழுத்து ஒன்றுதான். இதில் எந்த டாக்டரை நம்புவது?

என் மகளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். அவள் அம்மாவையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். இனிமேல் எழுத வேண்டாம்.

ஜே. டாங்கின்


ராயல் ஹோட்டல், மெரின்டி
1913 ஜூன் 3

திரு. டாங்கின் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன்.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது இதயங்களைக் கேட்கிறேன். பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி. மாலை ஆனதும் ஹோட்டல் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் எனக்கென்று ஒரு சின்ன மேசை. கம்பளி வாங்க வந்தவர்கள் பெரிய மேசையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்ணை, அதுவும் டாக்டரை, யாரும் அங்கே கூப்பிடமாட்டார்கள். பணிப்பெண் ஆட்டிறைச்சியை வைத்துவிட்டுப் போவாள். "உப்பு கொஞ்சம் கொடும்மா" என்பதுதான் அன்றைக்கு எனக்காக நான் பேசிய ஒரே வாக்கியம். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடித்துவிடலாம். ஆனால் வேறு தாள் எடுக்கச் சோம்பலாக இருக்கிறது.

அட்டைகளை அனுப்பிவிட்டு நான் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். அவை எந்த வீட்டுக்குப் போய் என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. எட்டு வருடத்தில் அட்டைக்கு எதிராக ஒருவர் சண்டை போட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ விட முடியவில்லை.

14ஆம் தேதி சனிக்கிழமை எனக்கு வேலையில்லை. நூனன் வண்டியில் வருகிறேன். கதவைத் திறக்க வேண்டியதில்லை. கொட்டகையில் நின்று அவள் வாளி தூக்குவதை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஆக்னஸ் ஃபெரியர்


ஸ்டோனி க்ரீக்
1913 ஜூன் 22, ஞாயிறு

டாக்டரம்மா அவர்களுக்கு,

போன வாரம் நீங்கள் கேன்களுக்கு நடுவே, தொப்பியைத் துணியால் தாடையோடு கட்டிக்கொண்டு, சேறு தெறித்த பாவாடையோடு வந்து இறங்கினீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றீர்கள்.

ஹெஸ்டர் நிரம்பிய வாளியோடு மேட்டில் ஏறி க்ரீம் பிரிக்கும் அறைக்குப் போனாள். வழியில் இரண்டு முறை வாளியைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா, அவள் தினமும் அப்படித்தான் வைக்கிறாள். கை மாற்றிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். லவினியாவும் துணி உலர்த்தும் கம்பிக்குப் போகிற வழியில் கூடையை இதேபோல் வைப்பாள்.

அடுப்படியில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்குச் சொல்ல நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் அந்தக் குழாயை எடுத்து என் காதில் மாட்டி, மறுமுனையை ஹெஸ்டரின் சட்டைக்கு மேலேயே வைத்துவிட்டு, "கேளுங்க" என்றீர்கள்.

சாத்தாத கதவின் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம். துடிப்பு, பிறகு அந்தக் காற்று. துடிப்பு, மறுபடி காற்று. எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியாது. ஹெஸ்டர்தான் குழாயைப் பிடுங்கி என் நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

"அப்பா, உங்களுது கிணறு தோண்டற மாதிரி இருக்கு, தடால் தடால்னு" என்று சிரித்தாள். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, தேநீரில் பால் போதுமா என்று கேட்கிற குரலில், "நான் முப்பது வயசு தாண்டுவேனா?" என்றாள்.

நான் எழுந்து வெளியே போயிருப்பேன். குழாயின் முனை இன்னும் என் நெஞ்சில் இருந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை.

"தெரியலம்மா. தாண்டினவங்க நிறைய பேர பாத்திருக்கேன். கனம் தூக்காம, நனையாம, நாற்காலில உக்காந்து செய்யற வேல கெடச்சா உனக்கும் நல்ல வாய்ப்பு இருக்கு. மாடு கறந்தா இல்ல."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். பயந்ததாகவே தெரியவில்லை. ஐந்து வருடமாக இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் போல.

திங்கட்கிழமை அவளை வண்டியில் ஏற்றிவிட்டேன். வாராவாரம் அந்தக் கல்பாதையில் பதினொரு மைல் குலுங்கி வரக் கூடாது என்றீர்கள். அதனால் இனி பருவ விடுமுறைக்குத்தான் வருவாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்காது.

அவள் பள்ளியில் இருந்த இரண்டு வருடமும் இருபத்திரண்டு மாட்டையும் நான் தனியாகத்தான் கறந்தேன். எனக்கு ஆள் தேவைப்படவில்லை. உங்கள் அட்டை வந்த அன்று காலி கேன் மேல் உட்கார்ந்து அதைப் படித்தேன். பயந்தேன், அது உண்மை. ஆனால் கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது, 'இனி அவள் வீட்டோடு இருப்பாள்' என்று. அது பயத்துக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முன்னால் வந்திருந்தால் நான் என்ன மாதிரி மனிதன்? அந்த அட்டை எனக்கு நல்ல செய்தியாக இருந்தது, டாக்டரம்மா. என் மகளின் இதயம் கெட்டது எனக்கு நல்ல செய்தி. சண்டை போட்டதெல்லாம் அதை மறைக்கத்தான்.

கறப்பதை நிறுத்தச் சொன்ன உங்கள் இரண்டாம் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜேபஸ் டாங்கின்


கமர்ஷியல் ஹோட்டல், யம்பிலா
1913 ஜூலை 13

அன்புள்ள திரு. டாங்கின்,

உங்கள் கடிதத்தை இரண்டு ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், பதில் எழுதாமலே.

புது அட்டை எழுதிப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். "உடலுழைப்புக்குத் தகுதியில்லை. படிப்புக்குத் தகுதி உண்டு." இதுவும் ஒன்றரை வரிதான். ஆனால் எழுத ஒரு மாலை முழுவதும் ஆனது.

நீங்கள் என்ன மாதிரி மனிதன் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத் தகுதியான ஆள் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் தகப்பனார் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா இல்லை. நான் மருத்துவம் படிக்கச் சிட்னிக்குப் போகிறேன் என்றபோது அவர், "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? நரம்பு தாங்காது" என்றார். நான் அவரிடமிருந்த மருத்துவப் புத்தகத்தையே எடுத்துக் காட்டி, நரம்பு தாங்கும் என்று நிரூபித்தேன். இரண்டு வாரம் வாக்குவாதம். நான் ஜெயித்தேன். ரயிலடிக்கு அவர் வரவில்லை. அதன்பின் வருடத்துக்கு ஒரு கடிதம், அதில் மழை பெய்ததா இல்லையா என்று மட்டும் இருக்கும். நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோனார். நான் அப்போது எங்கோ ஒரு பள்ளியில் பல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் என் மூளையை நம்பவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அவருடைய கடையை நினைத்துப் பார்த்தேன், கடையைச் சாத்திவிட்டு அவர் உள்ளே வருகிற நேரத்தை. 'நீ போனா வீடு வெறிச்சுன்னு இருக்கும்' என்று அவர் சொல்லியிருந்தால் நான் தங்கியிருப்பேனா? மாட்டேன். ஆனால் நரம்பைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். வருடத்துக்கு ஒரு கடிதத்தோடு விட்டிருக்கவும் மாட்டேன்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவளையும் அனுப்பிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்.

முடிந்தால் ஹெஸ்டரிடமும் ஒரு நாள் சொல்லுங்கள். கட்டாயமில்லை.

ஆக்னஸ் ஃபெரியர்


ஸ்டோனி க்ரீக்
1913 அக்டோபர் 12, ஞாயிறு

டாக்டரம்மா அவர்களுக்கு,

ஆகஸ்டிலிருந்து கன்று போடும் காலம். கை ஓயவில்லை. அதனால்தான் எழுதவில்லை என்று ஆரம்பித்தேன். அது பாதி உண்மை. உங்கள் தகப்பனாரைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாததுதான் மீதி. அவர் ரயிலடிக்கு வராதது கோபத்தால் இருக்காது. நானும் அன்றைக்கு நூனன் வண்டி வளைவு திரும்புகிறவரை நிற்கவில்லை. உள்ளே போய்விட்டேன். இதை மட்டும் எழுதத் தோன்றுகிறது.

போன செவ்வாய் நூனன் காலி வண்டியோடு, குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார். "பயப்படாத. உயிரோட இருக்கா. வண்டில ஏறு" என்றார். ஹெஸ்டர் பள்ளி முற்றத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். அந்தப் பதினொரு மைலும் நான் என்னையே திட்டிக்கொண்டு போனேன், பாதி வழிக்கு மேல் உங்களை. அனுப்பு என்றது நீங்கள்தானே.

அவள் நூனன் வீட்டுத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. குதிரை மருந்து டாக்டர் வந்து சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், நல்ல மனிதர், ஒரு நாளைக்கு மூன்று முறை வந்து பார்க்கிறார்.

"வீட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

"போய்?"

"என்னோட இரு."

"அப்பா, அங்க விழுந்தா உங்களுக்குத் தெரியறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும். நீங்க கீழ மேய்ச்சல் நிலத்துல இருப்பீங்க. இங்க நான் விழறதுக்குள்ள மூணு பொண்ணுங்க பிடிச்சுட்டாங்க."

அவள் சொன்னது சரி. அப்போதுதான் அந்த அட்டை விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அது நல்ல செய்தியாக இருந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்ப்பா. கொட்டகைல விசில் அடிச்சீங்களே. அம்மா போனப்புறம் நீங்க விசில் அடிச்சு நான் கேட்டதே இல்ல."

அவளுக்குத் தெரியுமாம். தெரிந்தும் பத்து மாடு கறந்திருக்கிறாள்.

நேற்று நான் மட்டும் திரும்பி வந்தேன். பால் கட்டிக்கொண்டு மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அடுத்த பண்ணைக்காரர்தான் தினம் ஒரு முறை வந்து கறந்திருக்கிறார். ஆறு மாட்டைத் தன் பண்ணைக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார், அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் இந்த ஆண்டிறுதித் தேர்வை எழுதலாமா? நீங்கள் எழுதலாம் என்றால் எழுதட்டும். இந்த முறை எந்த டாக்டரை நம்புவது என்று கேட்கமாட்டேன்.

ஜேபஸ்


ராயல் ஹோட்டல், மெரின்டி
1913 அக்டோபர் 24

அன்புள்ள திரு. டாங்கின்,

எழுதலாம். தாரம்பா மருத்துவருக்கு விவரமாக எழுதியிருக்கிறேன். அவர் கொடுக்கும் மருந்து சரியானது, அளவும் சரி. மூன்று வாரம் படுக்கை. பிறகு மெதுவாக நடக்கலாம். தேர்வை நூனன் வீட்டிலேயே உட்கார்ந்து எழுத மிஸ் ஓக்டன் அனுமதி வாங்கிவிட்டார். உதடு மறுபடி நீலமானாலோ கால் வீங்கினாலோ உடனே அந்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும், எனக்குத் தபால் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நீங்கள் பாதி வழிக்கு மேல் என்னைத் திட்டியது நியாயம்தான். அந்தத் தகவல் வந்தபோது நானும் அதையேதான் செய்தேன்.

இன்னொரு செய்தி. நான் உங்கள் பண்ணைக்கு வந்தது தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. கண்டிப்பு என்று சொல்ல முடியாது, மரியாதையான கடிதம்தான். ஆய்வாளர்கள் பெற்றோரின் வீடுகளுக்குப் போவதோ தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதுவதோ கூடாது, எல்லாம் பள்ளி வழியாகவே நடக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. வருடத்துக்கு எட்டாயிரம் பிள்ளைகளைப் பார்க்கிற ஒருத்தி ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீடுகள் என்ன ஆகும்?

ஜனவரியிலிருந்து என்னை மேற்குப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். செம்மண், சுரங்கம், ரயில் முடிகிற ஊர்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கண்நோய் அதிகம் என்கிறார்கள். ஹெஸ்டரைப் பற்றி மிஸ் ஓக்டன் எனக்குத் தெரிவிப்பார்.

ஆகவே இதுதான் நான் எழுதுகிற கடைசிக் கடிதம். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கொட்டகையில் என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஊரில் நான் போய் இறங்கினாலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நின்றுகொண்டே பேசுவார்கள். நான் போனபிறகுதான் உட்காருவார்கள். உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குவளை தேநீரும், சண்டை போட ஒரு மனிதரும் கிடைத்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்னஸ் ஃபெரியர்


ஸ்டோனி க்ரீக்
1914 ஜனவரி 25, ஞாயிறு

டாக்டரம்மா அவர்களுக்கு,

மேற்கில் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பெயரை மட்டும் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை, இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஹெஸ்டர் தேர்வில் தேறிவிட்டாள். கணக்கில் பள்ளியிலேயே முதல். மிஸ் ஓக்டன் அவளை மேல்படிப்புக்குச் சேர்க்கிறார். அது முடிந்ததும் டவுன் தபால் நிலையத்தில் தந்தி வேலை கற்றுக்கொள்ளலாம், அது உட்கார்ந்து செய்கிற வேலை என்கிறாள். உதடு நிறம் வந்துவிட்டது. ஆனால் மேட்டில் ஏறும்போது இன்னும் இரண்டு இடத்தில் நிற்கிறாள். நானும் கூடவே நிற்கிறேன். மரத்தைக் காட்டுவேன், வேலியைக் காட்டுவேன். எதற்காக நிற்கிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸிலிருந்து இங்கேதான் இருந்தாள். கொட்டகைக்குள் விடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் கறக்கிறபோது நூனனைப் போல் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தாள். நாளை காலை வண்டியில் போகிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள். "நான் இல்லாதப்ப சாயங்காலமெல்லாம் தனியா என்னப்பா செஞ்சீங்க?"

"கடிதம் எழுதிட்டிருந்தேன்" என்றேன்.

"யாருக்கு? எனக்கு வந்தது நாலே நாலுதான். அதுல மூணு மழையப் பத்தி."

உங்களுக்கு என்று சொன்னேன். இப்போது எழுத முடியாது, அவர்களுக்கு விதி இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் தட்டுகளை அடுக்கினாள்.

"விதி அவங்களுக்குத்தானே, உங்களுக்கில்லையே. அவங்களுக்கும் சாயங்காலம்னு ஒண்ணு வரும்லப்பா?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பதில் போட வேண்டியதில்லை.

ஜேபஸ் டாங்கின்